கை கட்டிய ஏலம்

எங்கள் துறைமுகத்துப் பூனைகள் விடிந்ததைப் பார்த்து எழுந்திருப்பதில்லை, முன்ஜியின் குரலைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும் என்பார்கள். மத்திப் படகுகள் கரை சேர்ந்ததும் ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் காலை அகட்டி நின்று அவர் முதல் சத்தம் போடுவார். தூங்கி வழியும் வியாபாரிகூட அந்தச் சத்தத்தில் கையைத் தூக்கிவிடுவான். எந்தப் பெட்டிக்குத் தூக்கினோம் என்று பிறகுதான் எட்டிப் பார்ப்பான்.

அந்தக் கூடத்தில் எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. சாவு விழுந்த வீட்டு ஆள் ஏலத்துக்கு வந்து கையைத் தூக்கினால், மற்றவர்கள் எல்லோரும் தங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவனுக்கு எதிராக யாரும் விலை ஏற்றக் கூடாது. அவன் சொல்லும் முதல் விலைக்கே பெட்டி அவனுடையது. விவரம் தெரியாத வெளியூர்க்காரன் எவனாவது கையைத் தூக்கினால் முன்ஜி ஒரு முறை முறைப்பார், கை தானாக இறங்கிவிடும். முப்பது வருஷம் இந்தச் சட்டத்தைக் காவல் காத்தவர் அவர். சந்தைக் கூச்சல் அடங்கி அங்கே அமைதி விழுவது அந்த ஒரு நேரத்தில் மட்டும்தான். அந்த அமைதியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவரால் அடையாளம் சொல்ல முடியும்.

பிறகு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மஹ்தியா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்றானது. குரல் போகவில்லை, நிற்கத்தான் காலில் தெம்பில்லை. ஏலக்கூடத்தில் அவர் இடத்துக்கு ஒருவன் ஒலிபெருக்கியோடு வந்து நின்றான். முன்ஜி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அதுகூடப் பெரிதில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் குரலை இறக்கிக்கொண்டு, "எப்படி இருக்கே முன்ஜி, அல்லாஹ் சுகம் குடுப்பான்" என்றார்கள். காய்கறிக்காரன் எடை போட்டு முடித்தபின் மேலே இரண்டு தக்காளி வைத்தான். ரொட்டிக்கடை வரிசையில் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு காலத்தில் இவர்கள் எல்லோரையும் அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார், இவர்களும் அவரைத் திட்டியிருக்கிறார்கள். இப்போது ஒருத்தனும் திட்டவில்லை. இரக்கம் மாதிரி ஆளைத் தின்னும் நோய் வேறு எதுவும் கிடையாது. அதைச் சுத்திகரிக்க ஆஸ்பத்திரியில் இயந்திரமும் இல்லை.

மிச்சமிருந்தது நூரியின் காபிக்கடையும், அங்கே ஆடிய ஆட்டமும்தான்.

கைப்பேசியில் ஆடும் கால்பந்து ஆட்டம் அது. பந்தை உதைக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஓர் அணி. ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது, யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது என்று முடிவு செய்வது மட்டும்தான் நம் வேலை. மேட்சை ஆட்டமே ஆடி முடித்து, யார் ஜெயித்தது என்று சொல்லிவிடும். துறைமுகத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு மேட்சைவிட வாங்கல் விற்றலில்தான் உயிர். ஏலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறு எதில் உயிர் இருக்கும்?

இதில் முன்ஜியின் பரம எதிரி ரிதா. படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். யாராவது அவனிடம் மரியாதையாகப் பேசினால், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். முன்ஜி எந்த ஆட்டக்காரனுக்கு விலை வைத்தாலும், கெடு முடிகிற கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு தினார் கூட்டி வைத்துப் பிடுங்கிக்கொண்டு போவான். பிறகு வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பான்.

முதல் முறை இயந்திரத்தில் படுத்து எழுந்து, கையில் கட்டோடு முன்ஜி காபிக்கடைக்குள் நுழைந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ரிதா மட்டும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:

"அட, உயிரோடதான் இருக்கியா? செத்துட்டியோன்னு நெனச்சு உன் சென்டர் பார்வர்டுக்கு விலை அனுப்பிட்டேனே!"

"நான் செத்தாலும் அவன் உன்கிட்ட வரமாட்டான்டா. டீசல் நாத்தம் தாங்காதுன்னு சொல்லிட்டான்."

"நாத்தம் தாங்கலைன்னா மூக்கைப் பொத்திக்கட்டும். உன்னை மாதிரி சம்பளத்துக்கு இழுத்தடிக்க மாட்டேன்."

முன்ஜி இருமல் வரும்வரை சிரித்தார். ஆஸ்பத்திரி கொடுக்காத தெம்பை அந்த நாய்ப்பயல் கொடுத்துவிட்டான்.

நூரியும் லேசுப்பட்டவன் இல்லை. நோயாளி தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்பதால் முன்ஜி எப்போதும் பாதிக் காபியைக் குடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவார். நூரி விளிம்புவரை ததும்பத் ததும்ப ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகும்போது மீதியைக் காட்டிக் கத்துவான்: "என் காப்பி என்ன விஷமா? பாதியை வச்சிட்டுப் போனாலும் முழுக் காசுதான், சொல்லிட்டேன்!" முன்ஜி முழுக் காசையும் மேஜைமேல் வீசிவிட்டுப் போவார். அந்த வீச்சில் ஒரு சந்தோஷம் இருந்தது.

ஆட்டத்துக்குள் சிறுநீரகம் இல்லை, இயந்திரம் இல்லை. அங்கே அவர் இன்னும் முழு ஆள். அந்த ஒரு இடத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த வருஷம் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருக்கும் தம்பி தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று வந்தான். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். தம்பியுடையது பொருந்தியது, ஆனால் முன்ஜியின் இதயம் அறுவைச் சிகிச்சையைத் தாங்காது என்றார் டாக்டர். "இப்படியே ஓட்டலாம்" என்றார். எதுவரை என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் மனைவி சல்வாவிடம் முன்ஜி ஒன்றே ஒன்று சொன்னார்: "ஊருக்குள்ள யார்கிட்டயும் மூச்சு விடாதே. முக்கியமா அந்தக் காபிக்கடைக்கு இது போகக் கூடாது." சல்வா தலையாட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் லீக்கில் பருவம் முடிந்து புதுப் பையன்களைத் தேர்வு செய்யும் நாள் வந்தது.

ஒவ்வொரு பருவ முடிவிலும் ஆட்டம் ஒரு கூட்டம் பையன்களைப் பிறப்பிக்கும். பெயர், நாடு, வயது எல்லாம் அதுவே வைக்கும். திறமையைப் பாதி மறைத்துக் காட்டும், மீதி தெரிய வேண்டுமென்றால் வேவுக்காரனை அனுப்ப வேண்டும். பிறகு தேர்வு. லீக்கில் கடைசியாக வந்தவன் முதலில் எடுப்பான், முதலாவதாக வந்தவன் கடைசியில் எடுப்பான். நொண்டி அணிக்கு முதல் கை என்பது அதன் நியாயம். எடுத்ததோடு பையன் நம்முடையவன் ஆகிவிட மாட்டான். கெடுவுக்குள் சம்பளமும் வருஷமும் சொல்லி ஒப்பந்தம் அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். விட்டால் பையன் பொதுப் பட்டியலுக்குப் போய்விடுவான். அங்கே மறுபடி ஏலம்தான், அதிகம் தருபவனுக்கு ஆள்.

அந்தமுறை பிறந்தவர்களில் ஒருவன் திமோ ரூஸ். ஃபின்லாந்துக்காரன், இடது கால், பதினேழு வயது. பன்னிரண்டு பேரும் வேவுக்காரனை அவனிடம்தான் அனுப்பியிருந்தார்கள். காபிக்கடையில் ஒரு வாரமாக வேறு பேச்சில்லை. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் புகழ்ந்திருக்க மாட்டார்கள். முன்ஜியின் அணி இரண்டாவதாக வந்திருந்தது. அவர் முறை வரப் பத்துப் பேர் தாண்ட வேண்டும். ரிதாவின் அணி கேவலமாக ஆடிக் கடைசியில் கிடந்தது, முதல் கை அவனுக்கு. திமோ அவனுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தேர்வுக்கு முன்பே பையனுக்குப் பத்தாம் எண் சட்டை தைக்கச் சொல்லிவிட்டதாக அவன் பீற்றிக்கொண்டிருந்தான். அதெல்லாம் தேர்வுக்கு மூன்று நாள் முன்புவரை. பிறகு அவன் பீற்றுவது நின்றுபோனதை முன்ஜி கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வீட்டில் கூஸ்கூஸ் சாப்பிட்டு, எல்லோரும் நூரியின் கடையில் கூடினார்கள். நூரி பெரிய டி.வி.யில் பட்டியலைப் போட்டான். முதல் முறை ரிதாவுக்கு. திரையில் பெயர் விழுந்தது: கானா நாட்டுத் தடுப்பாட்டக்காரன் ஒருவன், கேள்விப்படாத பெயர்.

முன்ஜி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "டேய் ரிதா! டீசல் மூளைக்கு ஏறிடுச்சா? பொன்னை விட்டுட்டுத் தகரத்தைப் பொறுக்குறே!"

"எனக்குத் தடுப்புதான் ஓட்டையா இருக்கு" என்றான் ரிதா. நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது ஆள் ஒரு கோல்கீப்பரை எடுத்தான். மூன்றாவது ஆள் அவனைவிட மோசமான ஒருவனை. முன்ஜிக்கு நம்ப முடியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது, இந்த மடையர்கள் வேவு அறிக்கையைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்! சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகத்தை ஒன்றும் தெரியாததுபோல வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு உள்ளங்கை வியர்த்தது.

ஐந்தாவது ஆளும் திமோவைத் தாண்டிப்போனபோதுதான் அவருக்குக் காது கேட்க ஆரம்பித்தது. கடையில் சத்தமே இல்லை.

தேர்வு நாளில் அங்கே காது கிழியும். ஒவ்வொரு பெயருக்கும் சாபம், கேலி, மேஜைமேல் அடி. இன்று கரண்டி சத்தம்கூட இல்லை. நூரி இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துடைத்த கிளாஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசலோரம் ஐஸ் ஆலைக்கார ஹேதி நின்றிருந்தார். தன் முறை முடிந்ததும் அவர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு, பழக்கம் யாரை விட்டது, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முன்ஜிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அதற்குமேல் அவர் திரையைப் பார்க்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று ஒவ்வொருவனும் நல்லவனை விட்டுவிட்டுச் சொத்தையை எடுப்பதைக் காதால் கேட்டார். அவர் முறை வந்தது. திமோவின் பெயர் மேலே தனியாக மின்னிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று வேறு யாரையாவது எடுத்திருக்கலாம். முப்பது வருஷம் ஏலம் போட்ட கை, நல்ல பெட்டியைத் தரையில் விட்டுவிட்டு வர அதற்குத் தெரியவில்லை. விரல் அழுத்திவிட்டது.

"மப்ரூக் முன்ஜி" என்று வாழ்த்தினான் ரிதா, மெதுவாக. மற்றவர்களும் சொன்னார்கள். தெருவில் சுகம் விசாரிப்பவர்களின் குரல் அது. இப்படிப்பட்ட கொள்ளை அடித்திருக்கிறார், ஒருவன்கூட அவர் அம்மாவை இழுக்கவில்லை.

வீட்டில் சல்வா உருளைக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவர் உடம்புக்கு எல்லாவற்றையும் இப்படிச் சாரம் போக்கித்தான் கொடுக்க வேண்டும்.

"ரிதா பொண்டாட்டிகிட்ட சொன்னியா?" என்றார் முன்ஜி.

கரண்டி நின்றது. "சொன்னேன்."

"சொல்லாதேன்னேனே."

"நீ சொல்லுவே. உனக்கென்ன, காபிக்கடைக்குப் போயிடுவே. நான் யார்கிட்ட போறது முன்ஜி? இந்தக் கிழங்குகிட்டயா சொல்லி அழறது? ஹம்மாம்ல குளிக்கறப்போ அவ எனக்கு முதுகு தேய்ச்சுவிட்டா. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. ஏன்னு கேட்டா. சொல்லிட்டேன். வெட்டிப் போடு என்னை."

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, இது அவருக்குத் தெரியாததா. உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"அவங்க எனக்கு ஒரு பையனை விட்டுக்குடுத்துட்டாங்க."

"எந்தப் பையனை?"

"ஆட்டத்துல. இருக்கறதுலயே நல்லவன். ஒருத்தனும் தொடல."

"நல்லதுதானே? உன்மேல உள்ள பாசம்."

"சாவு வீட்டுக்குச் செய்யறது அது, சல்வா. நான் இன்னும் சாகலையே."

சல்வா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஒப்பந்தத்துக்கு ஆறு நாள் கெடு இருந்தது. திமோ கேட்ட சம்பளம் கொஞ்சம்தான், ஒரு தட்டுத் தட்டினால் கையெழுத்து. முன்ஜி தட்டவில்லை. படுத்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பெட்டியை மறுபடி தரையில் வைத்துவிட வேண்டியது. கெடு தாண்டினால் பையன் பொதுப் பட்டியலுக்குப் போவான். இலவசமாகக் கிடக்கும் நல்ல மீனைப் பார்த்துக்கொண்டு இந்த ஓநாய்களால் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியும்? ஒருவன் விலை வைப்பான். அடுத்தவன் ஏற்றுவான். அப்புறம் அடிதடிதான். இதற்காகவே தன் அணியில் இரண்டு பேரை விற்றுக் கஜானாவை நிரப்பிக்கொண்டார். நேருக்கு நேர் மோதி ஜெயிக்க வேண்டும். ஜெயிக்காவிட்டாலும் போகிறது, ரிதா கடைசி நிமிஷத்தில் ஒரு தினார் கூட்டி வைத்துப் பிடுங்கிக்கொண்டு போனால் போதும். அதைவிடப் பெரிய மருந்து அவருக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

வியாழக்கிழமை இயந்திரத்தில் படுத்திருந்தபோது கெடு முடிந்தது. வலது கையில் குழாய், இடது கையில் கைப்பேசி. திமோ ரூஸ் என்ற பெயர் அவர் அணியிலிருந்து நழுவிப் பொதுப் பட்டியலில் போய் உட்கார்ந்தது. முன்ஜி காத்திருந்தார். நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கைப்பேசியை வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் வைக்கவில்லை. யாரும் விலை வைக்கவில்லை. வேனில் வீடு திரும்பும்போது பார்த்தார். இல்லை. காலையில் எழுந்ததும் பார்த்தார். இல்லை. அவரே முதல் விலை வைக்கலாம்தான். வைத்தால் எதிர் விலை வராது, முதல் விலைக்கே பெட்டி அவருடையது. அது மறுபடி அதே பிச்சைதானே.

வெள்ளிக்கிழமை காபிக்கடைக்குள் நுழைந்ததும் ரிதா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். வாழ்நாளில் அவன் யாருக்கும் நாற்காலி போட்டதில்லை.

"வா முன்ஜி, உக்காரு. உடம்பு முடியாததுல கெடு தாண்டிடுச்சு போல. நீ கவலைப்படாதே. பையன் அங்கயேதான் கெடக்கான், எவனும் தொடல. தொடவும் விடமாட்டேன். மெதுவா, முடியறப்போ எடுத்துக்கோ."

"நான் மறக்கலடா. வேணும்னேதான் விட்டேன்."

"சரி, சரி" என்றான் ரிதா, காய்ச்சல் பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல.

முன்ஜி நாற்காலியில் உட்காரவில்லை. காலை அகட்டி நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார்.

"திமோ ரூஸ்! இடது கால்! பதினேழு வயசு! யார் கேக்கறது?"

அந்தக் குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவர் விலையைச் சொன்னார். யாரும் அசையவில்லை. பாதியாக்கினார். அசையவில்லை.

"காப்பி விலைக்குத் தர்றேன்! எவனுக்கும் வேணாமா? ஹேதி! நூரி! டேய் ரிதா, கேளுடா! ஒரு தினார் கூட்டிக் கேளுடா! திருட்டு நாயே, எப்பவும் பிடுங்கிட்டுப் போவியே, இப்ப என்னடா வந்துச்சு? கேளுடா!"

ரிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கைகள் இரண்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின. அவனைப் பார்த்து ஹேதி கட்டிக்கொண்டார். பிறகு மற்றவர்கள், ஒவ்வொருவராக.

முன்ஜி அவர்களை முறைத்தார். தூக்கிய கைகளையெல்லாம் முப்பது வருஷம் கீழே இறக்கிய முறைப்பு அது. கட்டிய கை ஒன்றைத் தூக்கவைக்க அதனால் முடியவில்லை.

உட்கார்ந்துவிட்டார். பிறகு நூரி காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். காசு என்று எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனான். முன்ஜி கிளாஸைப் பார்த்தார். அவர் குடிக்கக்கூடிய அளவுக்கு, பாதிதான் ஊற்றியிருந்தான்.